ஸ்கேன் மெஷின் ஓர் இடம், சோதனை வேறிடம்

2023-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் பெங்களூர் பையப்பனஹள்ளி போலீசார் சாலையில் வாகனச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு காரின் மீது அவர்களுக்குச் சந்தேகம் விழுந்தது. நிறுத்திப் பார்த்ததில் உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண். விசாரித்தபோது, மண்டியாவுக்கு அழைத்துப் போகிறார்கள், வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்கு என்ற விஷயம் வெளியே வந்தது.

அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் கண்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மண்டியா பக்கம் கரும்புச் சாறு காய்ச்சி வெல்லம் எடுக்கும் ஆலை ஒன்றில் ரகசியமாக ஸ்கேன் பார்த்திருக்கிறார்கள். பெண் என்று தெரிந்தால் மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கருக்கலைப்பு. நவம்பரில் டாக்டர்கள் உள்படப் பலர் கைதானார்கள். அவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர். மூன்று ஆண்டுகளில் சுமார் 900 கருக்கலைப்புகள் என்று போலீஸ் தரப்பில் சொன்னார்கள். அது கோர்ட்டில் நிரூபிக்கப்பட வேண்டிய கணக்கு. பிறகு விசாரணை சி.ஐ.டி. வசம் போயிற்று.

நான் இங்கே எழுத வந்தது அந்தக் கும்பலைப் பற்றி அல்ல. கும்பலைப் பிடித்தது யார் என்பதைப் பற்றி. இந்தக் குற்றத்தைத் தடுப்பதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கென்று மாநிலத்திலும் மாவட்டத்திலும் தாலுகாவிலும் அதிகாரிகள் இருக்கிறார்கள், ஆலோசனைக் கமிட்டிகள் இருக்கின்றன, மாதம் ஐந்தாம் தேதிக்குள் வந்து சேர வேண்டிய அறிக்கைகள் இருக்கின்றன. ஆனால் வெல்ல ஆலையைக் கண்டுபிடித்தது இவை ஒன்றுமல்ல. சாலையில் நின்ற போலீசாரின் சந்தேகம்தான் கண்டுபிடித்தது. அந்தக் கார் வேறு சாலையில் போயிருந்தால் 900 என்ற எண் இன்னும் ஏறியிருக்கும்.

ஏன் இப்படி?

ரயில்வேக்காரனாகிய எனக்கு இது புரியாத விஷயமல்ல. பார்சல் ஆபீசில் ஒருவர் மூட்டையைக் கொண்டுவந்து வைத்து, உள்ளே இருப்பது இன்ன சாமான் என்று பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். பாரம் சரியாக இருக்கிறதா, எடை சரியா, கையெழுத்து இருக்கிறதா என்று நாங்கள் பார்க்கிறோம். கையெழுத்து விட்டுப்போயிருந்தால் மூட்டை நகராது. ஆனால் கடத்தல்காரன் பார்சல் ஆபீசுக்கு வந்து பாரம் பூர்த்தி செய்வானா? அவன் வேறு வழியில் போய்விடுகிறான். எங்கள் ரிஜிஸ்தரைப் புரட்டினால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டமும் அப்படித்தான் நடக்கிறது. பதிவு செய்த ஒவ்வொரு ஸ்கேன் நிலையத்தையும் 90 நாளைக்கு ஒரு முறை பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. நாடு முழுவதும் சுமார் 70 ஆயிரம் நிலையங்கள் பதிவாகியிருக்கின்றன. கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பரிசோதனைகள் வருகின்றன. இதைச் செய்ய வேண்டியவர் யார்? பல மாநிலங்களில் சிவில் சர்ஜன் அல்லது மாவட்டச் சுகாதார அதிகாரி. டெங்கு வந்தாலும் அவர்தான், தடுப்பூசிக்கும் அவர்தான், பிரசவ மரணங்களுக்குப் பதில் சொல்வதும் அவர்தான், மந்திரி வருகைக்கு ஆஸ்பத்திரியை வெள்ளையடிப்பதும் அவர்தான். இதற்கு நடுவே அவர் போய்ப் பரிசோதிப்பது பதிவு செய்த மெஷினை. மண்டியா ஆலையில் இருந்த மெஷின் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை. ரிஜிஸ்தரில் இல்லாததை ரிஜிஸ்தரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

எஃப் படிவத்தின் கதை

ஒவ்வொரு கர்ப்பிணியையும் ஸ்கேன் செய்யும்போது ‘எஃப்’ படிவம் என்று ஒன்று நிரப்ப வேண்டும். பெயர், விலாசம், எத்தனை குழந்தைகள், ஆண் எத்தனை பெண் எத்தனை, எதற்காக ஸ்கேன், யார் அனுப்பினார்கள் என்று பல கேள்விகள். அதில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் குற்றம்தான். இது அநியாயம் என்று மகப்பேறு டாக்டர்களின் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2019-ம் ஆண்டு மே மாதம் கோர்ட் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்தது. மூடிய அறைக்குள் நடக்கும் காரியத்துக்கு மிஞ்சும் தடயம் இந்தக் காகிதம் ஒன்றுதான், அதையும் அலட்சியமாக விட்டால் சட்டமே இல்லாமல் போகும் என்கிற நோக்கில் தீர்ப்பு அமைந்தது.

என் அபிப்பிராயத்தில் தீர்ப்பு சரியே. காகிதம் வேண்டும்தான். காகிதத்திலிருந்து பிடித்த வழக்குகளும் உண்டு. ஆனால் காகிதத்தைச் சரிபார்ப்பது உட்கார்ந்த இடத்தில் நடக்கிற வேலை. பொய்யாக நிரப்பிய படிவம் பார்வைக்கு மிக அழகாக இருக்கும். அவசரத்தில் நிரப்பிய நல்ல டாக்டரின் படிவத்தில்தான் அடித்தல் திருத்தல் இருக்கும். குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

குற்றத்தை நேரில் பிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. நிஜமான கர்ப்பிணி ஒருவரை ஒப்புக்கொள்ளச் செய்து, நம்பர் குறித்துவைத்த நோட்டுகளோடு அனுப்பி, சாட்சிகளோடு போய்ப் பிடிப்பது. இதற்கு வேண்டியது என்னென்ன? முன்வரும் ஒரு பெண். அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் பாதுகாப்பு. முன்பணம். வண்டி. விஷயம் கசியாத நாலு பேர். பிடித்த பிறகு வழக்கை எழுதத் தெரிந்த ஒரு வக்கீல். ஐந்து வருஷம் கழித்துக் கோர்ட்டில் சாட்சி சொல்ல, அதற்குள் மாற்றலாகிப் போன அதிகாரி திரும்பி வருவதற்குப் படி. இவ்வளவும் சேர்ந்தால்தான் ஒரு வழக்கு நிற்கும். இன்னொன்றும் உண்டு: பிடிக்க வேண்டிய அதிகாரி ஒரு டாக்டர், பிடிபடுகிறவரும் ஒரு டாக்டர். அதே மாவட்டத்தில் அதே சங்கக் கூட்டத்தில் இருவரும் உட்காருகிறவர்கள். இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. எந்தச் சின்ன ஊரிலும் மனித சுபாவம் இதுதான்.

போலீசைச் சேர்த்துக்கொள்ளலாமே என்று வாசகர் கேட்கலாம். குற்றம் என்னவோ ஜாமீன் கிடையாத, போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம்தான். ஆனால் கோர்ட் வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் போலீஸ் அறிக்கை மட்டும் போதாது. உரிய அதிகாரி புகார் தர வேண்டும், அல்லது அவருக்கு 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பொதுஜனம் ஒருவர் புகார் தரலாம். 2014-ல் சேர்த்த விதியோ, கூடியமட்டும் போலீசை விசாரணையில் சேர்க்காதே என்கிறது. டாக்டர்களைப் போலீஸ் மிரட்டிப் பணம் பறிக்கும் என்ற பயத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் போலீசும் வேண்டாம், தனி ஆளும் இல்லை என்றால் மிச்சம் யார்? ராஜஸ்தான் மட்டும் இதற்கென்று தனிப் புலனாய்வுப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. அவர்கள் பொறி வைத்துப் பிடிக்க மாநில எல்லை தாண்டியும் போனார்கள்.

பலன் என்ன என்று பார்ப்போம். சட்டம் 1996-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. முதல் பத்து வருஷம் ஒரு டாக்டர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை. 2006 மார்ச்சில்தான் ஹரியானாவில் பல்வல் கோர்ட் ஒரு டாக்டருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை கொடுத்தது. 2020-ம் ஆண்டுக் கடைசி வரை நாடு முழுவதும் மூவாயிரத்துச் சொச்சம் வழக்குகள், அறுநூறுக்குச் சற்று மேற்பட்ட தண்டனைகள். இருபத்தைந்து வருஷத்துக்கு வகுத்தால் வருஷத்துக்கு இருபத்தைந்து தண்டனை. 2013-ல் சுப்ரீம் கோர்ட் இந்த வழக்குகளை ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்னது. எத்தனை வழக்கு அப்படி முடிந்தது என்பது கோர்ட் வராந்தாவில் ஒரு நாள் நின்றவர்களுக்குத் தெரியும்.

பணம் எங்கே போனது?

பணமே இல்லை என்று சொல்ல முடியாது. 2015 ஜனவரியில் பிரதமர் பானிபட்டில் ‘பெண் குழந்தையைக் காப்போம், படிக்கவைப்போம்’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பெண் குழந்தை விகிதம் குறைந்த மாவட்டங்களுக்காக வந்த திட்டம். பெண்கள் முன்னேற்றத்துக்கான பார்லிமெண்ட் கமிட்டி 2021 டிசம்பரில் இதைப் பற்றி ஓர் அறிக்கை வைத்தது. கமிட்டியின் தலைவர் ஆளுங்கட்சி எம்.பி.யேதான், எதிர்க்கட்சிக் கூச்சல் என்று தள்ளிவிட முடியாது. 2016 முதல் 2019 வரை கொடுக்கப்பட்ட ரூ. 446.72 கோடியில் 78.91 சதவீதம் விளம்பரத்துக்கே செலவாகிவிட்டது என்று அது சொல்கிறது. ரூபாய்க்கு எண்பது பைசா சுவரிலும் டி.வி.யிலும் போயிற்று. மிச்சம் இருபது பைசாவில்தான் படிப்பும் மற்றதும்.

விளம்பரமே கூடாது என்பதல்ல. பஸ் பின்புறத்தில் சிரிக்கும் சிறுமியின் படத்தைப் பார்த்து ஒருவர் மனம் மாறினால் நல்லதுதான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவாறே அதே பஸ்ஸில் மண்டியாவுக்குப் போய் இறங்கிய குடும்பங்களும் உண்டே.

முன்னுரிமை என்பது சர்க்கார் வாயால் சொல்வதில் இல்லை, நெருக்கடி வந்தால் முதலில் எதைக் கைவிடுகிறது என்பதில் தெரியும். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கின்போது மத்திய சுகாதார அமைச்சகம் இந்தச் சட்டத்தின் சில விதிகளை ஜூன் கடைசி வரை நிறுத்திவைத்தது. மாதாந்திர அறிக்கை, பதிவைப் புதுப்பிப்பது முதலியவை. ஆஸ்பத்திரிகள் திண்டாடிய சமயம் அது என்பது வாஸ்தவம். ஆனாலும் ஸ்கேன் மெஷின் அந்த மூன்று மாதமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இந்த விஷயத்தில் சர்க்காரின் புத்தி காலத்துக்குக் காலம் மாறியே வந்திருக்கிறது. 1971-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தபோது மேலிடத்தில் எல்லோர் கவலையும் ஜனத்தொகைதான். 1970-களின் நடுவில் டெல்லியில் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியில் கருவின் நீரை எடுத்துப் பரிசோதிக்கும் முறை வந்தது. ஊனம் கண்டுபிடிக்க வந்ததை ஆண் பெண் பார்க்கப் பயன்படுத்தினார்கள். 1978-ல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இதைத் தடை செய்தார்கள். தனியாரைத் தடை செய்யவில்லை. அவ்வளவுதான், கடை திறந்துவிட்டது. பம்பாயில் பெண்கள் இயக்கத்தார் போராடியதன் பேரில் 1988-ல் மகாராஷ்டிரம் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. மத்தியச் சட்டம் 1994-ல். அதுவும் தூங்கிக் கிடந்து, 2000-ம் ஆண்டில் பொதுநல வழக்குப் போட்ட பிறகே சுப்ரீம் கோர்ட் மாநிலங்களைக் கூண்டில் ஏற்றி, பதிவில்லாத மெஷின்களைக் கைப்பற்றச் சொன்னது. மெஷின் செய்யும் கம்பெனிகளிடம் யார் யாருக்கு விற்றீர்கள் என்று பட்டியல் கேட்டது. அந்தக் கம்பெனிகளில் ஒன்று நம் வைட்பீல்டு பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலை விடாமல் புதுப்பித்து, கைமாறிய பழைய மெஷின்களைத் தேடியிருந்தால் வெல்ல ஆலைக்கு மெஷின் போய்ச் சேருவது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது.

பிடிபடுவது யார்?

பெரிய மீன் அகப்படாதபோது சின்ன மீனைப் பிடித்துக் கணக்குக் காட்டுவது எல்லா இலாகாவிலும் உண்டு. இங்கே அந்தச் சின்ன மீன் கருக்கலைப்பு மாத்திரை.

2012-ல் மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டம் பர்லியில் ஆறு மாதக் கருவைக் கலைத்தபோது ஒரு பெண் இறந்துபோனார். நாடே பதறியது. அந்த ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர் தம்பதிக்கு 2019-ல் பத்து ஆண்டுத் தண்டனை கிடைத்தது. ஆனால் அந்தப் பதற்றத்தில் மருந்து இலாகாவினர் மாநிலம் முழுவதும் மருந்துக் கடைகளில் புகுந்து கருக்கலைப்பு மாத்திரைகளைத் தேட ஆரம்பித்தார்கள். கடைக்காரர்கள், நமக்கேன் வம்பு என்று மாத்திரை வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் அங்கே நூறு மருந்துக் கடைகளில் இரண்டில்தான் இந்த மாத்திரை இருந்தது.

இதில் உள்ள கோணல் என்னவென்று பாருங்கள். இந்த மாத்திரை ஒன்பது வாரம் வரைக்கும்தான். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரிய பன்னிரண்டு, பதின்மூன்று வாரமாவது ஆக வேண்டும். ஒன்பதாம் வாரத்தில் மாத்திரை சாப்பிடுகிற பெண்ணுக்கு வயிற்றில் இருப்பது எது என்று தெரியவே தெரியாது. அப்படியிருக்கப் பெண் சிசுவைக் காப்பாற்றுகிறோம் என்று மாத்திரையைப் பறிமுதல் செய்தால் காப்பாற்றப்படுகிற சிசு யார்? டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கிறார்கள், அது ஆபத்து என்றால் அதற்கு வேறு சட்டம் இருக்கிறது, அதன்படி நடவடிக்கை எடுக்கட்டும். பர்லியில் நடந்தது ஆறாம் மாதத்தில்; கடைகளில் பறிமுதலானது இரண்டாம் மாதத்து மாத்திரை.

2015-ம் வருஷத்துக்கான ஒரு மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஆண்டு நடந்த கருக்கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம். அவற்றில் நூற்றுக்கு எழுபத்து மூன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரை மூலம் நடந்தவை. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. சட்டம் அனுமதித்த காரியத்துக்கு ஏன் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டால், அதற்கு நம் லைன் வீடுகளிலேயே பதில் இருக்கிறது.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் இருப்பவர் பீன்யாவில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறவர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு குழந்தைகள், இரண்டும் பெண். கணவர் பெயிண்டர். மூன்றாவது தங்கிவிட்டது, வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். அப்போது எட்டாவது வாரம். முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில், இரண்டும் பெண்ணா என்று கேட்டதும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டதாம். “எங்களுக்கு ரெய்டு வரும், இங்கே செய்வதில்லை” என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் கணவர் கையெழுத்து, இருவரின் ஆதார், மாமியாரையும் கூட்டி வா என்றார்கள். ஸ்கேன் பார்க்கும் இடத்தில், யார் அனுப்பியது என்று சீட்டு இல்லாமல் தொடமாட்டோம் என்றார்கள். இப்படியே மூன்று வாரம். ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளம் போயிற்று. என் மனைவியிடம் வந்து, “அக்கா, நான் ஏதோ கொலை பண்ண வந்த மாதிரி பார்க்கிறாங்க” என்று அழுதார். கடைசியில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் பதினோராவது வாரத்தில் நடந்தது. மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது, படுக்கையில் படுத்து முடிந்தது.

இங்கே வாசகர்களுக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்குச் சட்டப்படி அவருடைய சம்மதம் ஒன்றே போதும். கணவர் கையெழுத்து வேண்டியதில்லை, மாமியார் வேண்டியதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு முறை தவறிவிட்டது என்பது சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம். 2021-ல் சட்டத்தைத் திருத்தியபோது இருபது வாரம் வரைக்கும் பதிவு பெற்ற ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும் என்று செய்தார்கள். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், மைனர்கள் போன்ற சிலருக்கு இரண்டு டாக்டர்கள் அபிப்பிராயத்தின் பேரில் இருபத்து நான்கு வாரம் வரை. கலியாணம் ஆகாதவர் என்பதற்காக இந்த உரிமையை மறுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பெயரை வெளியே சொல்லும் டாக்டருக்குத் தண்டனை உண்டு. கருவைப் பார்த்து ஆண் பெண் சொல்வது ஒரு குற்றம். கருக்கலைப்பு என்பது தனி விஷயம், சட்டம் வகுத்த எல்லைக்குள் அது குற்றமே அல்ல. இந்த இரண்டையும் அதிகாரிகளே குழப்பிக்கொள்ளும்போது எங்கள் கடைசி வீட்டுப் பெண் என்ன செய்வார்?

அந்தக் குழப்பத்துக்குப் பழைய வேர் ஒன்று இருக்கிறது. 1860-ம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தில் கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண்ணும் குற்றவாளி. 2024 ஜூலையில் புதுத் தண்டனைச் சட்டம் வந்தது. நம்பர் 312 என்பது 88 ஆயிற்று. விஷயம் அப்படியே இருக்கிறது. 1971 சட்டம் அதற்கு ஒரு விலக்கு, அவ்வளவே. டாக்டர்கள் மனத்தில் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. நேர்மாறாக, ஆண் பெண் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் பெண்ணை நிர்ப்பந்தத்துக்கு ஆளானவராகவே கருதுகிறது. அவரை அழைத்துப் போன கணவரையும் உறவினரையும்தான் பிடிக்கச் சொல்கிறது. நல்ல மனதோடு எழுதப்பட்ட பிரிவு அது.

மெஷினைக் கண்காணிக்க முடியவில்லை என்பதால் பெண்களையே கண்காணித்துவிடலாம் என்ற யோசனையும் ஒரு தடவை வந்தது. 2016 பிப்ரவரியில் அப்போதைய மத்திய மந்திரி மேனகா காந்தி, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கருவின் பாலினத்தைச் சொல்லிவிட்டுப் பதிவு செய்து, பிரசவம் வரை பார்த்துக்கொள்ளலாம் என்றார். டாக்டர்கள் சங்கத்தில் சிலருக்கு அது இனித்தது. பிறகு விஷயம் அடங்கிவிட்டது. எழுபதாயிரம் ஸ்கேன் நிலையங்களைப் பார்க்க ஆள் இல்லாத சர்க்கார், வருஷத்துக்குக் கோடிக்கணக்கான கர்ப்பிணிகளின் வீட்டு வாசலில் யாரை நிறுத்தியிருக்கும்? அங்கன்வாடி ஆயாவையும் ஆஷா பணிப்பெண்ணையும்தான். அவர்களுக்கு இருக்கிற வேலை போதாதென்று.

நம் பங்கு

கன்னடக்காரர் ஊரில் நடந்தது என்று நாம் விலகி நிற்பதற்கில்லை. மண்டியா வழக்கில் சென்னை டாக்டர் கைதானதை மேலே சொன்னேன். 2022-ல் தருமபுரியில் ஸ்கேன் மெஷினை எடுத்துக்கொண்டு போய் வீட்டிலேயே பார்த்துச் சொன்ன கும்பல் பிடிபட்டது. 2001 குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும் அந்தப் பக்கத்தில்தான். 2011-ல் தமிழ்நாட்டின் சராசரி 943, கர்நாடகம் 948, தேசம் 918. 2019-21 குடும்பநல ஆய்வில் தேசத்தில் பிறப்பு விகிதம் 919-லிருந்து 929-க்கு ஏறியிருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 954-லிருந்து 878-க்கு இறங்கியதாகக் காட்டுகிறது. மாதிரி ஆய்வு என்பதால் ஓர் எண்ணை மட்டும் வைத்து மார்பில் அடித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் நம் மாநிலத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் பெருமைக்கு அந்த எண் பொருந்தவில்லை. ஊருக்குப் போகும்போது சித்தப்பா, பெரியப்பா வீடுகளில் ‘ரெண்டும் பொண்ணா, இன்னொண்ணு பாருங்களேன்’ என்ற பேச்சு நின்றுவிட்டதா என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

மண்டியாவுக்குப் பிறகு கர்நாடக சர்க்கார் சிறப்புக் குழு அமைக்கப்படும் என்று அறிவித்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2024 மே மாதம் அதே மண்டியா மாவட்டத்தில் பாண்டவபுரத்தில், சுகாதார இலாகா ஊழியர்களின் குடியிருப்பிலேயே சட்ட விரோதமாகக் கருக்கலைப்பு நடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஆஸ்பத்திரியின் ஒப்பந்த ஊழியர்களே அதில் கைதானார்கள். மைசூர் வண்டியில் மண்டியா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வருகிற ஸ்டேஷன் அது. நான் எத்தனையோ பேருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்த ஊர்.

சிறப்புக் குழு என்றால் எத்தனை பேர்? இந்த வேலையை மட்டுமே பார்ப்பவர் மாவட்டத்துக்கு ஒருவராவது இருக்கிறாரா? போன வருஷம் எத்தனை முறை பொறி வைத்தார்கள், அதற்கு எவ்வளவு ரூபாய் ஒதுக்கினார்கள்? ரிஜிஸ்தரில் இல்லாத மெஷின் எத்தனை கைப்பற்றினார்கள்? எத்தனை தாலுகா ஆஸ்பத்திரிகளில் சட்டப்படியான கருக்கலைப்புக்கு டாக்டரும் மருந்தும் தினம் இருக்கின்றன? தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி இதை யாரும் கேட்கலாம். நான் ஒரு மனு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.